அம்மாவின் ஒரே வசவு

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதமும் பத்து நாளும் ஆகிவிட்டன. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருப்பார். அதனால்தான் கடிதம். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, பள்ளி விலாசத்துக்கு அனுப்பு. எங்கள் நூலகர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். தமிழ் ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதற்கு உள்ள சொற்களை எல்லாம் சேர்க்க வேண்டும். யார், எப்போது, எதைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்றும் குறிக்க வேண்டும். மற்றவர்கள் மழை, மலர், நட்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அழிவை எடுத்துக்கொண்டேன். "உனக்கு வேற எதுவும் கெடைக்கலையாம்மா?" என்று ஆசிரியை கேட்டார். "இதுலதான் மிஸ் நெறையக் கெடைக்குது" என்றேன்.

உண்மையிலேயே நிறையக் கிடைக்கிறது. நாற்பத்து மூன்று சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக ஒரு வேலை இருக்கிறது, கவனித்திருக்கிறாயா? யானை புகுந்த தோட்டம் துவம்சம் ஆகும், தரைமட்டம் ஆகாது. தரைமட்டம் கட்டடத்துக்குத்தான். சுக்குநூறு கண்ணாடிக்கும் மனசுக்கும் பொது. தவிடுபொடி செய்தி படிப்பவர்களிடம் மட்டும் இருக்கிறது, யாரும் வீட்டில் சொல்வதில்லை. குட்டிச்சுவர் ஆவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். திட்டம் என்றால் பணால். நிர்மூலத்தை இதுவரை யார் வாயிலும் நான் கேட்டதில்லை, புத்தகத்திலிருந்து எடுத்தேன்.

நாசம் மட்டும் அம்மாவின் சொத்து. அவருக்கு வேறு வசவே கிடையாது. பொங்கி வழிந்த பால் நாசமாப் போன பால். நூல் அறுந்தால் நாசமாப் போன நூல். பூனைக்கு அதுதான் பெயர் என்றே அந்தப் பூனை நினைத்துக்கொண்டிருக்கும். "நாசமாப் போன பூனையே, சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் தட்டு வைப்பார். என்னையும் நூறு தரம் சொல்லியிருக்கிறார். நான் ஒன்றும் ஆகிவிடவில்லை, வகுப்பில் இரண்டாவது.

அதனால் அக்கா, பிப்ரவரியில் கடைக்காரர்கள் எல்லார் முன்னாலும் அம்மா உன்னைப் பார்த்து "நாசமாப் போடீ" என்று சொன்னதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடு என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். பாலும் பூனையும் இருக்கிற பட்டியலில் நீயும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தையல் கடைச் சுவரில் விரிசல் அசைகிறதா என்று பார்க்க அதற்குக் குறுக்கே நீ ஒட்டிவைத்த கண்ணாடிப் பட்டை அன்றைக்கு முழுசாகத்தான் இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கட்டடத்தைச் சோதிக்க வந்த நீ மட்டும் அறிக்கையில் "உடைந்தது" என்று எழுதினாய். அந்த ஒரு சொல்லால் இருபத்தாறு கடை இருந்த வணிக வளாகமே இடிபட்டுப் போய்விட்டது. ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நீ பொய் எழுத மாட்டாய் என்று தெரியும். முழுசாக இருந்ததும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அகராதி


ஆகஸ்ட் 11

என் அகராதிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாவது முறை சிரித்தேன். அந்தப் பூனை இன்னும் என் கட்டிலில்தான் படுக்கிறதா?

எங்கள் அலுவலகத்தில் உன்னுடைய நாற்பத்து மூன்றும் செல்லாது. எங்களுக்கு மொத்தம் மூன்றுதான். "பழுது", சரி செய்யலாம். "கடும் பழுது", ஆட்களை வெளியேற்றிவிட்டுச் சரி செய்யலாம். "சீரமைக்க இயலாதது". மூன்றாவதை எழுதிவிட்டால் அந்தக் கட்டடத்தின் கதை முடிந்தது. துவம்சம், சின்னாபின்னம் என்றெல்லாம் எழுதினால் மேலதிகாரி பேனாவைப் பிடுங்கிவிடுவார். மூன்றில் ஒன்றை எழுதும்போதும் கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் ஞாபகம் வரும்.

இப்படியே நான்கு வருடம் பழகிவிட்டேன். யாராவது ஒரு சொல்லைச் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அம்மா பாலைப் பார்த்துச் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் பாலைப் பார்த்துச் சொல்லும்போது அம்மாவின் குரல் உடையாது.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நான் எழுதியது சரி. அதற்கு மேல் கேட்காதே.

உன் பட்டியல் அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாம் பழைய கதை. தேதி போடாத குறிப்பை நாங்கள் குப்பையில்தான் போடுவோம். அம்மா இப்போது என்ன சொல்கிறார், எதைச் சொல்கிறார் என்று தேதியோடு எழுது பார்ப்போம்.

வீட்டிலேயே தைக்கிறாராமே, வெளிச்சம் போதுமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி ஒரு நோட்டு போட்டேன். கோடு கிழித்து தேதி, நேரம், இடம், எதைப் பார்த்து என்று நான்கு கட்டங்கள். பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன்.

கட்டங்கள் காலியாக இருக்கின்றன அக்கா.

முதல் இரண்டு நாள் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பூனை பால் பாத்திரத்தை உருட்டிவிட்டது. நான் பென்சிலோடு ஓடினேன். அம்மா துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, "போ, அந்தப் பக்கம் போ" என்றார். பூனை கூட நகராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆறாம் நாள் இஸ்திரிப் பெட்டி ஒரு வாடிக்கையாளரின் பட்டு ஜாக்கெட்டைத் தீய்த்துவிட்டது. அதற்கும் "சரி" என்றார். வெறும் "சரி"! ஒன்பதாம் நாள் நானே வேண்டுமென்று நூல்கண்டுகளைத் தரையில் கொட்டிவிட்டேன். தப்புதான். ஆனால் ஆராய்ச்சிக்காக. அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தார். நானும் கூட உட்கார்ந்து சுற்றினேன், வெட்கமாக இருந்தது.

கடிகாரம் நின்றுபோனால் உடனே தெரிவதில்லை, நேரம் பார்க்கப் போகும்போதுதான் தெரிகிறது. அம்மா அந்தச் சொல்லை நிறுத்தியது எனக்கு அப்படித்தான் தெரியாமல் போயிருக்கிறது. உனக்கு நான் எழுதிய உதாரணங்கள் எல்லாமே போன வருடத்தவை. நீ தேதி கேட்டது நியாயம்.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டேன். "ஆமா, நீ சொன்னப்புறம்தான் எனக்கே தோணுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லையே! அந்தக் கட்டடத்தை இடிச்ச நாள்லேருந்தே உங்கம்மா இப்படித்தான்" என்றார்.

அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். "அம்மா, நீங்க இப்பல்லாம் நாசமாப் போனன்னு சொல்றதே இல்லையே?"

"ஏன், ஒனக்கு அது இல்லாம சோறு எறங்கலையா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீ? போய்ப் படி."

இவ்வளவுதான் கிடைத்தது.

முழங்கால் பரவாயில்லை. வெளிச்சத்துக்காக மெஷினை உன் ஜன்னலோரம் போட்டிருக்கிறார். பூனை உன் கட்டிலில்தான்.

உன் அகராதி


செப்டம்பர் 3

என் அகராதிக்கு,

படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சாப்பிடுகிறாரா? திட்டாத அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

மே மாதம் இடித்தபோது நான் இங்கே இருந்தேன். ஊழியர்கள் அனுப்பிய படங்களை மட்டும் பார்த்தேன். அன்றைக்கு அம்மா அங்கே போனாரா? யாரிடமாவது விசாரி. மெதுவாக விசாரி, நூல்கண்டைக் கொட்டிய மாதிரி வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பொத்தான் கடை மாமாவிடம் போனேன். இப்போது அடுத்த தெருவில், மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறார். உன் பேரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன்மேல் அவருக்கு இன்னும் கோபம். நான் அம்மாவைப் பற்றித்தான் கேட்கிறேன் என்ற பிறகு சொன்னார்.

"இடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கிக் காலையிலயே வந்துட்டாங்க. குடையைப் பிடிச்சுட்டு எதிர்ப் பக்கமா நின்னாங்க. மேஸ்திரி ஒம்பதாம் நம்பர்லேருந்து தொடங்கினாரு, உங்க கடைதான். மேல ஏறி, கடப்பாரையை உத்தரத்துல வெச்சாரு. வெச்சாரு, அவ்வளவுதான்! அடிக்கக்கூட இல்ல. உத்தரம் அப்படியே எறங்கிருச்சு. நேரா உங்கம்மா மெஷின் இருந்த எடத்துல. மேஸ்திரிக்கே வேர்த்துருச்சு. 'இதுக்குக் கீழயா உக்காந்திருந்தாங்க?'ன்னு கேட்டாரு. திரும்பிப் பாத்தா உங்கம்மா இல்ல. குடை மட்டும் ரோட்டுல கெடந்துச்சு. நான்தான் மடிச்சு எடுத்துட்டு வந்து குடுத்தேன்."

மாமா கொஞ்ச நேரம் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்காக முழுசா இருந்த கண்ணாடியை ஒடைஞ்சதுன்னு எழுதலாமா? பொய் பொய்தானே?" என்றார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். நேற்று என் சீருடைக்கு ஒரு கொக்கி தேவைப்பட்டது. அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தார். கொக்கி டப்பா தெரியுமல்லவா, மூடியில் ரோஜாப்பூ போட்டது. அதன் அடியில் ஒரு துணி மடிப்பு. அதற்குள் இரண்டாக உடைந்த கண்ணாடிப் பட்டை. ஓரங்களில் காய்ந்த சுண்ணாம்புக் கலவை. மேலே உன் கையெழுத்தில் தேதி, நவம்பர் 9. உன் ஒன்பதின் வால் எப்போதும் போல வளைந்திருக்கிறது.

நீ ஒட்டிய கண்ணாடி உடைந்துதான் போயிருக்கிறது அக்கா. அப்படியானால் நாங்கள் எல்லாரும் சுவரில் பார்த்தது எது? அதை ஒட்டியது யார்?

எனக்குப் பதில் தெரியும் போலிருக்கிறது. நீயே சொல்லிவிடு. நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

உன் அகராதி


செப்டம்பர் 18

என் கண்ணே,

அந்தக் கண்ணாடியை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிடு. அம்மாவிடம் கேட்காதே. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ நினைத்தது சரிதான். நவம்பரில் பத்துக் கண்ணாடி உள்ள பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அம்மா கடையில் ஒட்டினேன். மீதி ஒன்பதும் வீட்டில் என் பையில் இருந்தன. விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் முழுசாக இருக்கும். ஏமாற்ற முடியாத சாட்சி என்று நானே அம்மாவுக்கு விளக்கினேன். பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன், முழுசாக இருந்தது. சந்தோஷப்பட்டேன், ஒரு நிமிடம்.

அப்புறம் தேதியைப் பார்த்தேன், ஒன்பதின் வால் வளையவில்லை. ஓரத்தைப் பார்த்தேன். நான் ஒட்டினால் கலவை வழியும், பிசிறு நிற்கும். உனக்குத்தான் என் கைவேலை தெரியுமே. இது நான்கு ஓரமும் மடித்துத் தைத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம் நம் வீட்டில் ஒரே ஒரு கைக்குத்தான் வரும். அன்று கையோடு கொண்டுபோயிருந்த பெட்டியை எண்ணிப் பார்த்தேன், எட்டு இருந்தது.

"முழுசாக இருக்கிறது" என்று எழுத முடியாது, அந்தக் கூரைக்குக் கீழே இருபத்தாறு கடை. "மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதினால், யார் மாற்றியது என்று விசாரணை வரும். நான் ஒட்டிய கண்ணாடி உடைந்தது என்பது நிஜம். அதை மட்டும் எழுதினேன். மீதியை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம்தான் முதல் முறை.

அம்மா அன்று கத்தியதற்காக நான் வீட்டுக்கு வராமல் இல்லை. நான் எதிரே வந்து நின்றால் அம்மாவுக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும். அவர் தலை குனிந்து நான் பார்க்க வேண்டாம் என்றுதான்.

நீ நல்ல பெண். டப்பாவை மூடி வை.

அக்கா


செப்டம்பர் 24

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. என்னைத் திட்டாதே. திட்டுவதென்றாலும் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

பதினாறாம் தேதி அந்தக் கண்ணாடியை இன்னொரு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"கொக்கி அடியில இல்ல. மேல் தட்டுல இருக்கு" என்றார்.

நான் மூடியை மூட முயன்றேன். டப்பா கவிழ்ந்து, கொக்கிகள் எல்லாம் கீழே கொட்டிவிட்டன. இந்த முறை வேண்டுமென்று கொட்டவில்லை. அம்மா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்துட்டல்ல?"

"ம்."

"டிசம்பர்லயே ஒடைஞ்சுருச்சு. ஒருநாள் காலையில கடையத் தொறக்கறேன், ரெண்டா நிக்குது. தையல் விட்டுப்போச்சுன்னா பிரிச்சுத் திரும்பத் தைக்கறதில்லையா, அந்த மாதிரி நெனச்சுட்டேன். அவ பையிலேருந்து ஒண்ணை எடுத்தேன். பதினெட்டு வருஷம் ஒக்காந்த எடம்டி. ஒங்க ரெண்டு பேரையும் அங்க வெச்சுத்தானே வளத்தேன்."

"அக்காவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாமயா? கண்ணாடியைப் பாத்தா. பெறகு என்னை ஒரு பார்வை பாத்தா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. குனிஞ்சு எழுதிட்டா. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமத்தான் அப்படிக் கத்தினேன். ஊர் பூரா அவளைப் பொய்க்காரின்னு சொல்லிச்சு. நானும் கேட்டுட்டு நின்னேன்."

கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "அந்த உத்தரம் எறங்கினப்ப நான் எதிர்லதான் நின்னேன். யாரால உசிரோட நிக்கறேனோ அவளைப் பாத்தே அந்த வார்த்தையைச் சொல்லிட்டோமேன்னு ஆயிருச்சு. அன்னியிலேருந்து வாய்க்கு வரல. பூனையைப் பாத்துக்கூட வரல."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. "மூக்கைத் துடை, சீருடையில துடைக்காதே" என்றார்.

மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். வளாகத்தில் கடை வைத்திருந்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் போனோம். ஒவ்வொரு இடத்திலும் அதே மாதிரிதான் சொன்னார். "ரெண்டு நிமிஷம். ஒண்ணு காட்டணும். இதுதான் எம் பொண்ணு ஒட்டின கண்ணாடி. நீங்க பாத்தது நான் மாத்தி வெச்சது. அவ எழுதினதுதான் நெஜம்."

ஜெராக்ஸ் கடை அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்பவர், "அந்தப் பொண்ணை நான் என்னல்லாம் பேசிட்டேன்!" என்று தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தொப்பிக் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டார். பொத்தான் கடை மாமா கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு வாரத்துக்கு நான் உங்ககூடப் பேச மாட்டேன்" என்றார். "சரி" என்றார் அம்மா. நான்காம் நாளே பேன்ட் மடித்துத் தைக்க வந்துவிட்டார். ஆனால் பேசவில்லை, சைகையில் நீளம் காட்டினார்.

இரண்டு நாளில் பத்தொன்பது பேரைப் பார்த்தோம். மீதி ஆறு பேர் ஊரில் இல்லை. அவர்கள் விலாசம் கேட்டிருக்கிறார்.

நான் உனக்குக் கடிதம் எழுதுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, நீங்களே ஒரு வரி எழுதுங்க" என்றேன். பேனாவை வாங்கினார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெயில்ல ஏணியில ஏறி எறங்கற வேலை. பை வெச்ச நல்ல சட்டை ரெண்டு வேணும் அவளுக்கு. துணி எடுத்து வெச்சுருக்கேன்" என்றார்.

"அளவை எழுதி அனுப்பச் சொல்லட்டுமா?"

"எழுதி அனுப்பற அளவுக்கெல்லாம் நான் தைக்கறதில்ல. எளைச்சுருப்பா. ஆள் வந்து எதிர்ல நிக்கணும்."

சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

உன் அகராதி


செப்டம்பர் 30

என் அகராதிக்கு,

திட்டவில்லை. அலுவலகத்தில் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டு உன் கடிதத்தைப் படித்து முடித்தேன். மேலதிகாரி, "என்ன தொலைஞ்சுது?" என்று கேட்டார். "கிடைச்சிருச்சு சார்" என்றேன்.

பத்தொன்பது பேர் முன்னால் அம்மா நின்றாரா! என்னால் ஒருவர் முன்னால் கூட நின்றிருக்க முடியாது.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். பயமாக இருக்கிறது. எத்தனையோ இடிபாட்டுக்குள் நுழைந்திருக்கிறேன், வீட்டு வாசலை நினைத்தால் கால் வரவில்லை. நீ வாசலிலேயே நில். முதலில் நீ பேசு. பூனையைப் பற்றி ஏதாவது பேசு.

அக்கா


அக்டோபர் 6, ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கிளம்பி முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. ஆனாலும் சூட்டோடு சூடாக எழுதாவிட்டால் மறந்துவிடும்.

நேற்று உனக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லி வைத்த பூனைக் கதையெல்லாம் வீணாய்ப் போயிற்று. அம்மா வாசலில் உன் பையை வாங்கி வைத்துவிட்டு, "நில்லு" என்றார். உடனே நான்கு குண்டூசியை வாயில் கடித்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்துவிட்டார். வாயில் குண்டூசி இருந்தால் பேச முடியாது, கேட்கவும் யாருக்கும் தோன்றாது. அதற்காகத்தான் கடித்துக்கொண்டார் என்பது என் கருத்து. தோளை அளந்தார், கையை அளந்தார், மறுபடியும் தோளை அளந்தார். நான் நோட்டில் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரே தோளை அளந்து மூன்று முறை நாடாவில் விரல் வைத்துக் காட்டினார், மூன்றும் ஒரே எண். மூன்றாவது முறை நாடாவைப் பிடித்தபடி உன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நீ திரும்பவில்லை. குண்டூசி குத்திவிடும் என்றா, வேறு எதற்காகவா, எனக்குத் தெரியாது. நான் எண்களைப் பார்த்துக்கொண்டேன்.

நீ ஒரு முறை என்னிடம் மெதுவாகக் கேட்டாய், "இன்னும் அந்த வார்த்தை வரலையா?" என்று. வரவில்லை என்றேன். நீ தலையை ஆட்டினாய். இரண்டு நாளும் அம்மா உன்னை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. விருந்தாளியைப் போல நடத்தினார். உனக்கு அது பிடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

இனி நீ போன பிறகு நடந்தது. உனக்குத் தெரியாது.

பேருந்து திரும்பும் வரை அம்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீ ஜன்னலில் தெரிந்தாய், அப்புறம் ஜன்னல் மட்டும் தெரிந்தது, அப்புறம் புகை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கீழே பார்த்தார். பழச்சாறு பாட்டிலும் புதுச் சட்டைகளும் இருந்த பை அவர் காலடியிலேயே இருந்தது. உன்னிடம் கொடுக்க மறந்துவிட்டார்.

என் நோட்டில் முதல் கட்டம் நிரம்பிவிட்டது அக்கா. அப்படியே படி எடுத்து எழுதுகிறேன்.

தேதி: அக்டோபர் 6.
நேரம்: மாலை ஆறு முப்பத்து மூன்று.
இடம்: பேருந்து நிலையம், இரண்டாவது நடைமேடை.
எதைப் பார்த்து: முதலில் பேருந்தை, பிறகு உன்னை.

"நாசமாப் போன பஸ்ஸு, சொன்ன நேரத்துக்கா கெளம்பணும் இன்னிக்குன்னு பாத்து! நாசமாப் போறவ, பையை வாங்கிக்கணும்னு ஒரு ஞாபகம் இருக்கா பாரு அவளுக்கு!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்பதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டையை வாங்கிக்கொள்ள நீ அடுத்த வாரமே வர வேண்டுமாம். தபாலில் அனுப்ப மாட்டாராம்.

உன் அகராதி